காலிக் கோட்டையில் ஒரு பகல்

கொழும்பில் புகையிரதம் ஏறுகின்ற எவரும் நாள்தோறும் உச்சரிக்கும் சொல் கோட்டை என்பது. கோட்டைப் புகையிரத நிலையம், கோட்டைக் கடைவீதி, கோட்டைப் பொலிஸ் என்று அப்பெயர் எங்கும் வழங்குகின்றது. ஆயின், அக்கோட்டை எங்கே என்று வெளியூர்க் குழந்தை ஒன்று கேட்டுவிட்டால் கைநீட்டிக் காட்டுவதற்கு அங்கே ஏதுமில்லை. போர்த்துக்கேயர் தொடங்கி வைத்து ஒல்லாந்தர் பெருக்கிக் கட்டிய கொழும்பு மதில்களை, சிற்சில துண்டுகள் நீங்கலாக, 1870ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் ஆங்கில அரசினர் இடித்துத் தள்ளிவிட்டனர். எஞ்சி நிற்பது பெயர் மட்டுமே. பெயரோடு பொருளையும் காண விரும்புபவர், அதே நிலையத்தில் ஒரு மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு தெற்கு நோக்கி ஏறத்தாழ 115 கிலோமீற்றர் செல்ல வேண்டும். அங்கே காலி நகரில், மதிலும் கொத்தளமும் வாயிலும் உள்ளே குடிமக்களும் உடைய ஒரு முழுக் கோட்டை இன்றும் இருக்கின்றது.

பழைய நகரங்களைப் பார்த்து வருவது பணம் படைத்தவர்க்கே உரிய பொழுதுபோக்கு என்றொரு எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. காலியைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் சிறிதும் பொருந்தாது. அந்நகரின் தலையாய காட்சி அதன் மதில். அம்மதிலின்மேல் ஏறி நடப்பதற்குச் சீட்டுமில்லை, காவலுமில்லை. அரும்பொருட்சாலைகளுக்குள் நுழைய விரும்பினால் மட்டுமே கட்டணம். ஆகவே, போக்குவரத்துச் செலவும் ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவும் கையிலிருந்தால், நாலைந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று காலையிற் புறப்பட்டு இரவு வீடு திரும்பிவிடலாம்.

செல்லும் வழியிலேயே பயணத்தின் பாதி இன்பம் கிடைத்துவிடுகின்றது. கொழும்பிலிருந்து தெற்கே போகின்றவர் வண்டியின் வலப்பக்கத்தில் இடம் பிடிக்க வேண்டும். கடல் அப்பக்கத்திலேயே இருக்கின்றது. பல இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையே ஒரு தென்னை வரிசை நிற்பதற்கே இடமிருக்கும். களுத்துறையிற் களு கங்கையைக் கடக்கும்போது ஆறு கடலோடு கலக்குமிடமும், அக்கரையில் பெரிய வெண்ணிறத் தாதுகோபமும் தோன்றும். தெற்கு அதிவேக வீதியில் ஓடும் பஸ் வண்டிகள் இதிலும் விரைவாகக் காலியை அடைவன என்பது உண்மையே. எனினும் அவற்றின் கட்டணம் கூடுதல்; கடலையும் அவற்றிலிருந்து காணமுடியாது. மிச்சம்பிடிக்க எண்ணுபவருக்கும் வேடிக்கை பார்க்க எண்ணுபவருக்கும் புகையிரதமே தக்கது.

அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் இடையில் பெரலிய என்னும் சிற்றூர் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி காலை, கொழும்பிலிருந்து வந்த புகையிரதம் ஒன்று இவ்விடத்திலேயே ஆழிப்பேரலையில் அகப்பட்டது. கடலரசி என்று பொருள்படும் சமுத்திரதேவி என்பதே அவ்வண்டியின் பெயர். முதல் அலை கண்டு அஞ்சிய ஊரவர் பலர், நின்றுவிட்ட பெட்டிகளே பாதுகாப்பு என்று நம்பி அவற்றில் ஏறிக்கொண்டனர். அடுத்து வந்த அலை பெட்டிகளைத் தூக்கி எறிந்தது. அவ்வண்டியோடு மாண்டவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். உலகப் புகையிரத வரலாற்றில் இதனினும் பெரிய விபத்து இல்லை என்பர். கரையோரத்தில் உயர்ந்து நிற்கும் புத்தர் சிலையும் நினைவுச் சின்னமும் வண்டியிலிருந்தே தெரியும். கடலை அழகுப் பொருளாக மட்டும் பார்த்துக்கொண்டு வருபவர் இவ்விடத்திற் சற்று மௌனமாவர்.

காலி நிலையத்தில் இறங்கியதும் வண்டிச் சாரதி எவரையும் நாடவேண்டிய தேவையில்லை. கோட்டை மதில் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் நிற்கின்றது. கிரிக்கெட் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால் வாயிலை அடைந்துவிடலாம். பகலுணவுக்கான சோற்றுப் பொதிகளை வெளியிலேயே, பஸ் நிலையத்தை அடுத்த கடைகளில், வாங்கிக்கொள்வது நல்லது. கோட்டைக்குள் இருக்கும் உணவுச்சாலைகள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணிகளின் பணப்பையை அளந்து விலை வகுத்தவை.

இந்நகரின் பெயரைப் பற்றி ஒரு சுவையான குழப்பம் உண்டு. சிங்களத்திற் கல் என்றால் பாறை. பாறைகள் செறிந்த கரையாதலால் அப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். மாட்டுப்பட்டி என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். போர்த்துக்கேய மொழியிலோ காலோ என்றால் சேவல். பெயரின் ஒலியைக் கேட்டுச் சேவலை இவ்வூரின் அடையாளமாக்கிவிட்டனர் ஐரோப்பியர். பாறையின்மேற் சேவல் நிற்கும் சின்னத்தைப் பழைய வாயிலின் உட்புறத்திற் காணலாம். பெயர் ஐரோப்பியரிலும் மூத்தது என்பது மட்டும் உறுதி. 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பத்தூத்தா, காலி என்னும் சிற்றூரைக் கடந்து சென்றதாக எழுதி வைத்திருக்கின்றார்.

இங்கே முதலில் அரண் அமைத்தவர் போர்த்துக்கேயர். 1588ஆம் ஆண்டளவில் அவர்கள் துறைமுகப் பக்கமாகச் சிறியதொரு காவற்கோட்டையைக் கட்டினர். 1640ஆம் ஆண்டு மார்ச் மாதம், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு செய்துகொண்ட உடன்பாட்டின் பேரில், கொஸ்டர் என்னும் ஒல்லாந்தத் தளபதி அதனைத் தாக்கிப் பிடித்தார். பிடித்ததை மன்னனிடம் ஒப்படைக்க ஒல்லாந்தர் முன்வரவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்லும் பழமொழிக்கு இவ்வரலாறும் ஒரு காரணம். கொஸ்டரும் வெற்றியை நெடுநாள் நுகரவில்லை. அதே ஆண்டு கண்டியிலிருந்து செல்லும் வழியிற் கொல்லப்பட்டார். பின்னர் ஒல்லாந்தர் முனை முழுவதையும் சுற்றிக் கருங்கல்லாலும் முருகைக்கல்லாலும் மதில் எழுப்பி, பதினான்கு கொத்தளங்களை அமைத்தனர். தரைப்பக்கத்து மூன்று பெருங் கொத்தளங்களுக்கு ஞாயிறு, திங்கள், விண்மீன் என்று பெயரிட்டனர். 1796இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது அதற்காக ஒரு குண்டுதானும் வெடிக்க நேரவில்லை.

இன்று பயணிகள் நுழையும் பெருவாயில், ஞாயிற்றுக் கொத்தளத்துக்கும் திங்கட் கொத்தளத்துக்கும் இடையே 1873இல் ஆங்கிலேயர் வெட்டித் திறந்தது. அதற்கு முன்பு துறைமுகப் பக்கத்துப் பழைய வாயில் ஒன்றே வழி. அப்பழைய வாயிலை எவ்வாறேனும் தேடிச் சென்று பார்க்க வேண்டும். வெளிமுகத்தில் பிரித்தானிய அரசச் சின்னம். உள்முகத்தில், இரு சிங்கங்கள் தாங்கிநிற்க, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் எழுத்துக்கள் பின்னிய முத்திரையும் 1669 என்னும் ஆண்டும். உள்ளே ஒல்லாந்தர், வெளியே ஆங்கிலேயர். ஒரு சுவரின் இரு பக்கங்களில் ஒன்றரை நூற்றாண்டு அரசியல் அடங்கியிருக்கின்றது. வாயிலின் இருமருங்கும் நீளும் கட்டடம் கொம்பனியின் பண்டகசாலையாக இருந்தது. கறுவாவும் மிளகும் கயிறும் கப்பலேறும் நாள்வரை தங்கிய இடம் அது. அதிலுள்ள கடல்சார் நூதனசாலையில், 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிப்போன அவொண்ட்ஸ்டர் என்னும் ஒல்லாந்தக் கப்பலிலிருந்து சுழியோடிகள் மீட்டெடுத்த பொருள்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. காசு சிறிது மிச்சமிருந்தால் செலவிடத் தக்க இடம் இதுவே.

நண்பகல் வெயிலில் மதில்மேல் நடப்பது பேதைமை. அவ்வேளைக்குத் தெருக்களே ஏற்றவை. ஒல்லாந்தர் வகுத்த தெருக்கள் நேரானவை, குறுகியவை. வீடுகளின் முன்னே தூண் நிறுத்திய நீண்ட விறாந்தைகள் உள்ளமையால் நிழலுக்குக் குறைவில்லை. தெருப்பெயர்களே ஒரு பாடம். லெயின் பான் என்பது கயிறு திரிக்கும் களம் என்று பொருள்படும் ஒல்லாந்தச் சொல். வைத்தியசாலைத் தெருவில் ஒல்லாந்தரின் பழைய வைத்தியசாலை இன்னும் நிற்கின்றது. கடைகளும் உணவுச்சாலைகளும் இப்போது அதில் குடியேறியிருக்கின்றன.

தேவாலயத் தெருவிலுள்ள ஒல்லாந்தத் தேவாலயம் 1755இல் கட்டி முடிந்தது. நெடுங்காலம் பிள்ளையின்றி இருந்த கொமாண்டர் டி யோங்கும் அவருடைய மனைவியும், மகள் பிறந்த நன்றிக் கடனாக இதனை எழுப்பினர் என்பது வழிவழி வந்த செய்தி. உள்ளே அடியெடுத்து வைப்பவர் முதலிற் குனிந்து பார்த்தல் வேண்டும். ஏனெனில் தரையே கல்லறைக் கற்களாலானது. கப்பற்றலைவர், வணிகர், அவர்தம் இளம் மனைவியர், பாலகர் என்று பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் மண்டையோடும் எலும்பும் உண்டு. கறுவாவினால் செல்வம் சேர்க்க வந்தவர்களிற் பலர் ஊர் திரும்பவில்லை என்பதை எந்த நூலினும் தெளிவாக அக்கற்கள் உரைக்கின்றன.

தென்கிழக்கு மூலையில், வெளிச்சவீட்டுக்கு எதிரே, வெண்ணிறமாக நிமிர்ந்து நிற்கும் கட்டடத்தை முதன்முறை காண்பவர் மாதா கோயில் என்றே எண்ணுவர். அது மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். இப்போதைய கட்டடம் 1904இல் எழுந்தது. இக்கோட்டைக்குள் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இரத்தினக்கல் வாணிகம் அவர்களுட் பலருக்குக் குலத்தொழில் போன்றது. சிங்களமும் ஆங்கிலமும் ஒலிக்கும் தெருவொன்றில், கதவு திறந்திருக்கும் வீட்டின் உள்ளிருந்து தமிழ்ப் பேச்சுக் காதில் விழுந்தால் பயணி வியப்படையத் தேவையில்லை.

தமிழுக்கும் இந்நகருக்கும் உள்ள தொடர்பு அம்மட்டில் நின்றுவிடுவதன்று. 1911ஆம் ஆண்டு காலி நகரத்து வீதியொன்றில், வடிகாலின் மேல் மூடியாகக் கிடந்த கல்லொன்றை மாகாண எந்திரி ஒருவர் கண்டார். புரட்டிப் பார்த்தபோது அதில் மூன்று மொழிகளில் எழுத்துக்கள் இருந்தன: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பேரரசன் அனுப்பிய கடற்படைத் தலைவன் செங் ஹே கொண்டுவந்து நாட்டிய கல் அது. அதிலுள்ள ஆண்டு 1409. சீனப் பகுதி புத்தரைப் போற்றிக் காணிக்கைகளைக் கூறுகின்றது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபில் இறைவனைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி, தென்கோடியில் தெய்வேந்திரமுனையில் வழிபடப்பெற்ற தெனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, நறுநெய் என்று காணிக்கைப் பட்டியல்களும் பெரிதும் ஒத்திருக்கின்றன. தூர தேசத்துப் பேரரசன் ஒருவன் இத்தீவின் துறைமுகத்தில் தன் சொல்லைப் பதிக்க முற்பட்டபோது தேர்ந்த மூன்று மொழிகளிலே தமிழ் ஒன்று என்றால், அக்காலத்துக் கடல் வாணிகத்தில் அம்மொழிக்கு இருந்த இடத்தை ஊகித்துக்கொள்ளலாம். தெய்வேந்திரமுனைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்துவிட்டனர். கல் மட்டும் பிழைத்தது, வடிகால் மூடியாகக் கிடந்த புண்ணியத்தினால். அதனைக் காலியில் தேடவேண்டாம். அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றது. காலிக்குப் போய்வந்தவர் பிறிதொரு நாள் அங்கு சென்று காண்பாராயின் பயணம் முழுமை பெறும்.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மதிலில் ஏறலாம். பெருவாயிலை ஒட்டியுள்ள திங்கட் கொத்தளத்திலிருந்து தொடங்குவதே வசதி. அங்குள்ள மணிக்கூட்டுக் கோபுரம் 1883இல் எழுப்பப்பட்டது. ஏழைகளுக்கும் வைத்தியம் செய்து பேர்பெற்ற வைத்தியர் அந்தோனிஸ் என்பாரைச் சிறப்பிக்க ஊரார் பணம் திரட்டிக் கோபுரத்தைக் கட்டினர். அவரால் நோய் தீர்ந்த செல்வர் ஒருவர் மணிக்கூட்டை வழங்கினார். தேசாதிபதிக்கும் மகாராணிக்கும் சின்னங்கள் எழுந்த அக்காலத்தில், ஓர் உள்ளூர் வைத்தியருக்கு எழுந்த சின்னம் இது.

இக்கொத்தளத்தின் கீழே கிரிக்கெட் மைதானம் விரிந்து கிடக்கின்றது. சீட்டு வாங்க வசதியில்லாத இரசிகர் இம்மதிலிலிருந்தே காலங்காலமாக ஆட்டம் பார்த்து வருகின்றனர். உலகில் வேறெந்த மைதானத்துக்கும் பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய இலவச மேடை இருக்குமோ என்பது ஐயமே. கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன் 2010ஆம் ஆண்டு யூலை 22ஆந் திகதி தமது எண்ணூறாவது டெஸ்ட் விக்கெட்டைக் கைப்பற்றியது இம்மைதானத்தில். அதுவே அவருடைய கடைசி டெஸ்ட் ஆட்டத்தில் அவர் வீசிய கடைசிப் பந்து.

மேற்குப் பக்கமாகத் திரும்பினால் வலக்கையிற் கடல், இடக்கையில் ஓட்டுக்கூரைகள். கொத்தளம் கொத்தளமாகத் தெற்கே நடந்து கொடிப்பாறை என்னும் மூலையை அடையலாம். பாறைகளைப் பற்றி மாலுமிகளுக்குக் கொடியால் எச்சரிக்கை காட்டிய இடமாதலால் அப்பெயர். இப்போது இளைஞர் சிலர் காசு பெற்றுக்கொண்டு அங்கிருந்து கடலிற் குதித்துக் காட்டுகின்றனர். கீழே கூரிய பாறைகள். அவ்விளையாட்டுக்குக் காசு கொடுத்து ஊக்குவிக்காதிருப்பதே பயணி செய்யக்கூடிய உதவி. அப்பால் வெளிச்சவீடு. இங்கு 1848இல் எழுந்த பழைய வெளிச்சவீடு தீக்கிரையானதால், 26 மீற்றருக்குச் சற்று மேலாக உயர்ந்த இப்போதைய கோபுரம் 1939இல் கட்டப்பட்டது. அதன் அடியிலுள்ள சிறு மணற்கரையிற் குழந்தைகள் கால் நனைக்கலாம். நிதானமாக நடப்பவருக்கும் மதிற்சுற்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

கொழும்பு மதில்களை இடித்த ஆங்கிலேயர் காலி மதில்களை ஏன் விட்டுவைத்தனர் என்ற வினா இவ்விடத்தில் எழுதல் இயல்பு. கலைமேற் கொண்ட காதல் காரணமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் முதன்மைத் துறைமுகம் காலியே. ஐரோப்பாவிலிருந்து வந்த தபாற் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற நின்றது இங்கேதான். ஆயின் துறைமுகத்தில் மறைந்துகிடந்த பாறைகள் பெரிய நீராவிக் கப்பல்களுக்கு ஆபத்தாயின. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டும் வேலை தொடங்கி, 1885இல் நிறைவுற்றதும் கப்பல்கள் அங்கே சென்றுவிட்டன. வாணிகம் போனது, அதனோடு புதுக் கட்டடங்களுக்கும் அகன்ற சாலைகளுக்குமான தேவையும் போனது. கொழும்பு வளர்ந்தது, மதிலை உதிர்த்தது. காலி தேய்ந்தது, மதிலைக் காத்தது. 1988இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமை இடமாக ஏற்றுக்கொண்டபோது, நூறாண்டு வறுமைக்குக் கிடைத்த பரிசு அது என்று கூறினால் மிகையாகாது.

பீரங்கிக்கு அஞ்சிக் கட்டிய மதில், கட்டியவர் கனவிலும் கருதாத வேறொரு பகையையும் தடுத்தது. ஆழிப்பேரலை வந்த அன்று வெளியே பஸ் நிலையமும் கடைவீதியும் மைதானமும் நீருள் மூழ்கின, பஸ் வண்டிகள் மிதந்து ஒன்றோடொன்று மோதின, எண்ணற்றோர் மாண்டனர். மதிலின் உள்ளே சேதம் மிகக் குறைவு. வாயிலாலும் வடிகால்களாலும் ஓரளவு நீர் புகுந்தது. அவ்வடிகால்களும் ஒல்லாந்தர் தந்தவையே. தெருக்களின் கீழே செங்கல்லாற் கட்டி, கடலின் வற்றுப்பெருக்கினாலேயே கழிவு அடித்துச் செல்லப்படுமாறு அமைத்திருந்தனர்.

எனினும் மதிலாற் தடுக்க முடியாத மாற்றம் ஒன்று சில காலமாக உள்ளே நடந்து வருகின்றது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வெளிநாட்டுச் செல்வர் பலர் இங்கு வீடுகளை வாங்கினர். தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள், கேட்டிராத விலை கிடைக்கவே, விற்றுவிட்டு மதிலுக்கு வெளியே சென்றன. வீடுகள் விடுதிகளாயின, முன்னறைகள் நகைக்கடைகளாயின. அவர்களைக் குறைகூறல் எளிதன்று. பழைய கூரைக்கு ஓடு மாற்றுவதே பெருஞ் செலவு. சட்டப்படி அனுமதி பெற்று மாற்றுவது அதனினும் சிரமம். புதிதாய் வந்தவர்களின் பணத்தால் இடிந்து விழவிருந்த பல வீடுகள் நிமிர்ந்து நிற்கின்றன என்பதும் மெய். ஆயின் காலிக் கோட்டையின் தனிச்சிறப்பு, மனிதர் உறங்கி எழுந்து பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்து செல்லும் ஊராக அது இருந்து வந்தமையே. காலியான கோட்டைகள் உலகிற் பல உண்டு. மாலை வேளையில் மதிலின்மேல் அமர்ந்திருப்போரைப் பார்த்தால் இவ்வூர் இன்னும் முற்றாகக் கைமாறிவிடவில்லை என்பது விளங்கும். பட்டம் விடும் சிறுவர், குடை நிழலில் ஒதுங்கிய காதலர், கடலை விற்பவர், தொழுகை முடித்துக் காற்று வாங்க வந்த முதியவர், கிராமத்திலிருந்து வானில் ஏறி வந்த பாடசாலைப் பிள்ளைகள் என்று எல்லோரும் அங்கிருப்பர். ஐந்து நட்சத்திர விடுதியில் தங்கியவரும் அதே மதிலில், அதே கல்லின்மேல், அவர்கள் பக்கத்திலேயே அமர்ந்து அதே சூரியனைப் பார்க்கின்றார்.

திரும்பும் வழியைப் பற்றி ஒரு சொல். மாலைக்குப் பின் கொழும்புக்குச் செல்லும் புகையிரதங்கள் மிகச் சிலவே. ஆதலாற் காலையில் இறங்கும்போதே நிலையத்தில் நேரத்தை விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். சூரியன் கடலில் இறங்கும்வரை மதிலில் இருக்க விரும்புவோர் புகையிரதத்தை நம்பாமல், நிலையத்துக்கு எதிரேயுள்ள பஸ் தரிப்பிடத்துக்குச் செல்லலாம். மாத்தறைப் பக்கம் தொடர்ந்து போக எண்ணுவோர், வண்டி வந்த வழியே பின்னோக்கி நகரத் தொடங்கியதும் தவறான வண்டியில் ஏறிவிட்டோமோ என்று பதறி இறங்கிவிடக் கூடாது. காலி நிலையத்திற் தண்டவாளம் முடிந்துவிடுகின்றது. இயந்திரத்தை மறுமுனையிற் பூட்டி, வந்த வழியே சிறிது தூரம் சென்று, பின்னரே வண்டி தெற்கு நோக்கித் திரும்பும்.